ஆட்டினால் சேரும் துண்டுகள்

“ஒரு ஜோடியை வச்சுத்தான் மத்ததெல்லாம் ஜோடி சேருது, மாமா.”

மன்னார்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து வந்த பேச்சு இது. சொன்னவர் பாலிடெக்னிக் வாத்தியார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, கொக்கி செதுக்கிய மரத்துண்டுகளை ஒரு தட்டில் போட்டு மடியில் வைத்திருந்தார். மாமா என்றது பக்கத்திலிருந்த மிராசுதாரை.

வாத்தியார் தட்டை ஆட்டினார். துண்டுகள் சும்மா முட்டிக்கொண்டன. இரண்டைக் கொக்கியால் ஒன்றோடொன்று மாட்டி, அந்த ஜோடியை உள்ளே வைத்து மறுபடி ஆட்டினார். மற்றவையும் அதே மாதிரி இரண்டிரண்டாக மாட்டிக்கொண்டன.

மிராசுதார் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நம்ம ஊர்லயும் இதே கதைதான் மாப்ள. ஆட்சி மாறின வருஷம் கூலியாளுங்க சங்கத்துலேர்ந்து ரெண்டு பேரு வந்தானுங்க. இப்ப தெருவே கொடி புடிக்குது.”

“அறுப்புக்கு வெளியூர் ஆளைக் கொண்டாந்தீங்களே?”

“அவனுங்களும் சேர்ந்துட்டானுங்க. அந்த முதல் ஜோடியை வெளிய எடுத்துட்டா?”

“மிச்சத்துல ஒரு ஜோடி இருந்தாலே போதும், மாமா.”

“அப்ப நிறுத்த வழியே இல்லையா?”

“தட்டை ஆட்டாம இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேராது.”

“நான் எங்க மாப்ள ஆட்டினேன்? அறுப்புக் கூலி நெல்லுல ஒரு படி குறைச்சேன். முணுமுணுத்தவன் குடிசையைப் பிரிக்கச் சொன்னேன். மத்தபடி நான் உண்டு, என் வேலை உண்டுன்னுதானே இருக்கேன்.”

வாத்தியார் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பைக்குள் போட ஆரம்பித்தார்.