சுவருக்குள் ஒரு படிக்கட்டு

மத்தியானம் ஒன்றரை மணி. ஸ்ஃபெர்ராகவால்லோ மேட்டு வீதியில் ஈ காக்கை இல்லை. இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரமே சாப்பிட்டுவிட்டு உறங்கும் நேரம்... நெருங்கி உட்காருங்கள். பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் உச்சிப்பொழுதுக்கும் பயப்படுவார்களே!

நடந்தது என் கூட்டாளி றெஜியின் மச்சாள் எமிலியானாவுக்கு. மன்னார்க்காரி. தொண்ணூற்றாறாம் ஆண்டு. விசா இல்லாதவர்கள் அரசாங்கத்தில் பதிய, இது நடந்ததற்கு மறுநாள்தான் கடைசி. வேலை கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். அது இருந்தால்தான் மடு அகதி முகாமில் கிடக்கும் மகள் அமலினியைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால்... பிள்ளையை மறக்க வேண்டியதுதான்.

அவள் வேலை செய்தது ஒரு பழைய கோட்டையில். நானூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினிலிருந்து வந்த பிரபுக் குடும்பம் கட்டியது. வேலைக்காரர் முகம் கண்ணில் படக்கூடாதென்று, தடித்த சுவருக்குள்ளேயே ஓர் ஒடுங்கிய படிக்கட்டு வைத்திருந்தார்கள். மணி அடித்தால் அதில் ஏற வேண்டும். அதன் கல்லில் வேலைக்காரிகளின் பெயர்கள்... ஒவ்வொரு தாயின் பெயருக்குக் கீழும் மகளின் பெயர். தாய்க்குப் பின் மகள், அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

கடைசி வாரிசான கிழச் சிஞ்ஞோரா, அந்த வீட்டு எசமானியம்மா, "நாளைக்கு, நாளைக்கு" என்றே நாலு மாதம் கடத்தினாள். மகளின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

அன்று ஒன்றரை மணிக்கு அவள் போனபோது கோட்டைக் கதவு திறந்து கிடந்தது. மேலே மணி... ஒரே ஒரு தரம். எமிலியானா ஓடி ஏறினாள். அணைந்த மெழுகுதிரி மணம். சிஞ்ஞோரா சன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தாள்.

பதற்றத்தில் இத்தாலியன் வாயில் வரவில்லை. "கும்பிட்டுக் கேக்கிறன் சிஞ்ஞோரா, என்ர பிள்ளை அங்கை செத்துப்போகும்!"

முகம் திரும்பவில்லை. கை மட்டும் நீண்டு தாளை வாங்கியது. பேனா கரகரவென்று ஓடியது. அந்தக் கையை முத்தமிட்டாள்... கிணற்றுக்கல் குளிர்.

இறங்கி வந்தால் வாசலில் தோட்டக்காரன். கையில் கறுப்புப் பட்டி. சிஞ்ஞோரா விடியற்காலையே இறந்துவிட்டதாகவும், உடலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டதாகவும் சொன்னான்.

எமிலியானா தாளை விரித்தாள். மை காயாத கையெழுத்து. அவள் பெயருக்குக் கீழே, நடுங்கிய எழுத்தில், இன்னொரு பெயர். அமலினி.

கிழித்திருக்கலாம். இரவெல்லாம் அழுதாள். ஆபத்துக்குப் பாவமில்லை... மறுநாள் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் பிள்ளை வந்து சேர்ந்தாள். பல்லரோச் சந்தைப் பக்கம் சின்ன அறை. கோட்டைப் பேச்சையே எமிலியானா எடுக்கவில்லை. முதல் ஞாயிறு, சாப்பிட்ட கை காயவில்லை. மணி ஒன்றரை. அமலினி தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். எழும்பிச் செருப்பை மாட்டினாள்.

"அம்மா, மேல மணி அடிக்குது. நான் போயிட்டு வாறன்."