கைப்பம்பின் முதல் குவளை

பீப்பாயிலிருந்து கைப்பம்பில் புதிதாக இழுத்த பிட்டரை அவசரப்பட்டுக் குடிக்கக் கூடாது. இங்கிலாந்துக்காரருடைய அந்தக் கசப்பு பியரை முதலில் மணந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஆஹென் நகரில் சொந்தமாகப் பியர் காய்ச்சி விற்கும் எங்கள் கடைக்கு வருகிற மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். மற்றபடி பீப்பாயும் குழாயும் கழுவுகிறவன்.

தங்கராசா அண்ணைக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் சாராயம் குடிக்கிற மாதிரி, கண்ணை இறுக மூடி, அண்ணாந்து, ஒரே மடக்கில் இறக்கிவிடுவார்.

நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஒரே விமானத்தில் வந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினோம். சீருடைக்காரரைக் கண்ட பயத்தில் என் காற்சட்டை நனைந்துவிட்டது. அவர் தன் கோட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டார். பிறகு இந்த வேலையையும் அவரே எடுத்துத் தந்தார்.

ஆண்கள் கூடிக் குடிக்கிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். "என்ரை கோட்டுத்தான் இவன்ரை மானத்தைக் காப்பாத்தினது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் இல்லை. சிரித்துச் சிரித்துக் களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

உலகக் கோப்பை நடந்த கோடையில் என் மகள் வேணுஜாவுக்குக் கல்யாணம் முற்றானது. மாப்பிள்ளை வீட்டார் கௌரவம் பார்க்கிறவர்கள்.

"மண்டபத்திலை மைக்கைப் பிடிச்சு நான்தான் பேசுவன். அந்தக் கதையை விடுவனோ?" என்றார் அண்ணை.

"அதை மட்டும் வேண்டாம், அண்ணை."

"அப்பன் எப்பிடி வந்தவன் எண்டு பிள்ளைக்கும் தெரியோணுமடா."

கதை குடிக்கிற இடத்தோடு நிற்கட்டும், அவளுக்கு அது தெரிய வேண்டாம் என்றுதான் நான் அத்தனை வருடமும் சிரித்தேன்.

குழாயைக் கழுவுகிற காரம், தோலையே அரிக்கிற கெமிக்கல், உள்ளே ஊறும்போது பம்பின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். துணி இருந்தால் யாரும் தொடுவதில்லை. காரத்தை அலசி, பியர் இழுத்து, முதல் குவளையைக் கீழே கொட்டிவிட வேண்டும். அண்ணை வீணாக்க விடமாட்டார். கழுவுகிற நாளில் அதற்கென்றே வருவார்.

அன்றும் வந்தார். நான் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கிளாஸை விட்டு, உள்ளே இருப்பதன் நிறம் தெரியாத ஈயக் குவளையை எடுத்தேன்.

"புதுப் பிட்டர் அண்ணை, குடிச்சுப் பாருங்கோ."

அவர் கண்ணை மூடினார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல் மட்டும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். விபத்து என்று எழுதிப் போலீஸ்காரர் நீங்களும் வழக்கை மூடிவிட்டீர்கள். நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் செம்பு சரிந்து என் பட்டு வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. சபை பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கழுத்தில் சால்வை சுற்றி உட்கார்ந்திருந்த அண்ணை எழுந்து வந்தார். கோட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டார். வேணுஜா சிரித்துக்கொண்டே, "என்ன மாமா இது?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் மூடியதை நானே வந்து திறப்பது அதனால்தான். துணியை அவிழ்த்ததும் இழுத்ததும் கையில் கொடுத்ததும் நான்தான்.

ஆனாலும், அவர் கொஞ்சம் மணந்து பார்த்துக் குடித்திருக்கலாம்.