வெயிலில் காய வைத்த நெஞ்சு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஒரு நாள், மலேசியாவில் அலோர் ஸ்டாரிலிருந்து சுங்கை பட்டாணி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு இதயத்தை ஓட்டும் பேட்டரியை நெஞ்சுக்குள் வைத்து ஒரு மாதமாம். அன்று டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"ஏங்க, ஒங்கள தினமும் வெயில்ல உட்கார வச்சத டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்றார் அந்த அம்மா.

"டார்ச் லைட் பேட்டரியக் காய வைக்கிற மாதிரி, சட்டையக் கழட்டி வச்சியே. நெஞ்செல்லாம் கருத்துப் போச்சு. அவரே கேட்டாரு. பொய்யா சொல்லுவேன்?"

"நர்ஸுங்க எல்லாம் சிரிச்சாங்க லா."

"சிரிக்கட்டும். பேட்டரி பல வருஷம் தாங்கும், தீரப்போறது முன்னாலயே செக்கப்புல தெரிஞ்சிடும்னாரே, கேட்டியா?"

"கேட்டேன். அப்ப ராத்திரி ஒங்க நெஞ்சுல கை வச்சிக்கிட்டு முழிச்சிருக்க வேணாமா?"

"வேணாம்டி. ஒரு மாசமா நீயும் தூங்கல, என்னையும் தூங்க விடல."

வழியில் குருண் ஊர் வருவதற்குள் அந்த அம்மா கணவர் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

டாக்டர் சொன்னதாக நான் எழுதியிருப்பது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.