டக்கு அண்ணனின் ஃபைல்

“அப்பா, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா ஆபீஸுக்கு யாருப்பா துணை?”

என் நண்பனுடைய சித்தப்பாவிடம் அவருடைய மகள் சின்ன வயதில் கேட்ட கேள்வி இது. “சாமி இருக்காரும்மா” என்றிருக்கிறார். உடனே அடுத்த கேள்வி வந்திருக்கிறது. “அவருக்கு யாரு துணை?” சித்தப்பா சிரித்து மழுப்பிவிட்டார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்... பயந்து இல்லை. காற்று அடிக்கிறது.

சிறிய கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பது சித்தப்பாவின் தொழில். சித்தி தவறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மகளும் கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்டாள். அதனால் ராத்திரி வேலை என்றால் அவர் மறுப்பதே இல்லை. வெறும் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிட அது தேவலை அல்லவா?

அன்று இரவு பதினொரு மணி. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு நீளமான சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். பாதி விளக்குகள் எரியவில்லை. சாலை முடியும் இடத்தில் ஒரு சின்னப் பட்டறை. செயற்கைக் கால் செய்யும் இடம்.

கால் இழந்தவர்களின் அளவுகள் எல்லாம் அங்கே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அது முனக ஆரம்பித்துவிட்டது. “அது போச்சுன்னா எத்தனையோ பேரு மறுபடி முதல்ல இருந்து அளவு குடுக்கணும் சார். சில பேரால திரும்ப வரவே முடியாது” என்று முதலாளியம்மா கவலைப்பட்டாராம். எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்து வைக்க சித்தப்பா ஒரு சர்வர் கட்டித்தருவதாக ஏற்றுக்கொண்டார். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். சிக்கனத்துக்காக, அளவுகள் இருந்த, இன்னும் நன்றாக ஓடிய பழைய டிஸ்க்கையே ஒன்றாக வைத்து, அதே கம்பெனியில் அதே அளவில் புதிதாக இன்னொன்று வாங்கியிருந்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன இரண்டும்.

அடையாளத்துக்குப் புதியதன் மேல் ‘காலி’ என்று எழுதி ஒட்டியிருந்தார். அங்கே எங்கு பார்த்தாலும், காலுக்கு அச்சு எடுக்கிற மாவுக்கட்டுத் தூள். தூசியில் பசை நிற்குமா? ஸ்டிக்கர் உதிர்ந்து கீழே கிடந்தது. எடுத்து ஒட்டினார்... எதன் மேல் ஒட்டுகிறோம் என்று பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. முதலில் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும். அவரே எல்லோருக்கும் சொல்கிற விதி. அன்று அவரே மீறினார். நகல் எடுக்க விடிந்துவிடும். காலையில் ஒரு பெண் தன் புதுக் காலை மாட்டிப் பார்க்க வருவதாக இருந்தது.

எதிலிருந்து எதற்கு நகல் என்று இயந்திரம் கேட்டது. ஸ்டிக்கரை நம்பிச் சொன்னார். ‘உறுதியா?’ என்றது திரை. விரல் பொத்தான் மேல் இருக்கிறது...

டக்... சரக். டக்... சரக்.

நடையில் யாரோ வருகிறார்கள். ஒரு கால் ஊன்றுகிறது. ஒரு கால் இழுபடுகிறது. ஈரச் சுண்ணாம்பு வாடை. சத்தம் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து... நின்றது.

திரும்பினார். யாரும் இல்லை.

பிடரியில் மட்டும் சில்லென்று இருந்தது. மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். சர்வரின் பக்கவாட்டு மூடி திறந்தே கிடந்தது. ‘காலி’ என்ற ஸ்டிக்கரின் மேல் ஒரு கட்டைவிரல் பதிவு. வெள்ளையாக. தொட்டுப் பார்த்தார். ஈரம்.

அந்த டிஸ்க்கைக் கழற்றி ஓரத்தைப் பார்த்தார். ஏறிப்போன பழைய தூசி. அதுதான் பழைய டிஸ்க். பொத்தானை அழுத்தியிருந்தால், ஒன்றுமில்லாததை எல்லாவற்றின் மேலும் நகல் எடுத்திருப்பார். அத்தனை பேருடைய கால்களும் போயிருக்கும்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் சொந்த டிஸ்க்கை எடுத்துவந்து, விடிய விடிய உட்கார்ந்து நகல் எடுத்தார். மிச்ச வேலை மறுநாள் இரவுக்குப் போயிற்று.

காலையில் மெதுவாகக் கேட்டார். “ராத்திரி இங்க யாராவது தங்குறாங்களா?”

முதலாளியம்மா மாவுக்கட்டு போடுகிறவரைப் பார்த்தார். அந்த ஆள் சிரித்தார்.

“டக்கு அண்ணன் வந்தாரா சார்? சம்பளமே வாங்காம ஓவர்டைம் பாக்குற ஒரே ஆளு அவருதான்.”

“சும்மா இருடா” என்று அதட்டிய முதலாளியம்மாவின் கண் கலங்கிவிட்டது. “அளவு எடுக்குறவரு சார். அவருக்கும் ஒரு கால் கிடையாது. தேஞ்சுபோன காலை இழுத்து இழுத்து நடப்பாரு. உங்களுக்குப் புதுசு செய்யலாம்ணேன்னா, ‘முதல்ல வந்தவங்களுக்குப் பண்ணும்மா, எனக்கு அப்புறம்’னு சொல்லுவாரு. சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துட்டாரு. சொந்தம்னு ஒருத்தரும் இல்ல.”

அலமாரியில் அவருக்கென்று தொடங்கிய கால் பாதியில் நின்றது. பாதமும் தண்டும் தயார். மிஞ்சிய காலை வாங்கிக்கொள்ளும் கிண்ணம் மட்டும் இல்லை. அதன் அளவு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

அன்று இரவு சர்வர் தயாராயிற்று. ஒரு ஃபைலைத் திறந்து, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் இயந்திரத்துக்கு அனுப்பி, எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஃபைலாக இருந்தாலும் போதும். சித்தப்பா ஒரு பெயரைத் தேடி எடுத்தார்.

இயந்திரம் முனகியபடி வார்த்துக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கிண்ணம் முடிந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து, தண்டோடு சேர்த்துத் திருகுகளை முடுக்கினார். அளவு எடுக்கும் நாற்காலியின் முன்னால் அந்தக் காலைச் சாய்த்து வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் துணையாக வந்தவருக்குத் தான் செய்வதை இன்னொருவர் பார்க்கத்தான் வேண்டுமா? பார்க்க வேண்டியவர் மேலே இருக்கிறார்.

விளக்கை அணைத்தார்.

“போயிட்டு வரேண்ணே.”

ஷட்டரை இறக்கிவிட்டுப் பூட்டக் குனிந்தார். இருட்டுக்குள், நாற்காலி இருந்த பக்கத்திலிருந்து, வழியனுப்ப வருகிற மாதிரி...

டக்... டக்... டக்... டக்...

ஷட்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

‘சரக்’ மட்டும் இல்லை.