கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

...அப்புறம் எப்படி பாய் வேல கெடைக்கும்? அந்த சுப்புராயன் மெஷின்ல ஒரு எழுத்து மட்டும் எம்பி எம்பிக் குதிக்குது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஒத்துக்கறேன். குதிக்கறது கண்ணுக்குத் தெரியாதா? மெட்ராஸ்ல ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து படிக்கறவனுக்கு எப்படி இருக்கும்? முதுநகர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுன்னு போர்டு மட்டும் இம்மாம் பெருசா மாட்டி வெச்சிருக்கான். சிதம்பரத்துல நஸ்ருதீன் பாய் அடிச்சா எழுத்து முத்து முத்தா விழும்னாங்க. அதான் காலங்காத்தால ரயிலேறி வந்துட்டேன். நீங்க அடிங்க, அடிங்க. நான் பேசறத கவனிக்காதீங்க.

அடியில கையெழுத்து இருக்குது பாருங்க, வைத்திலிங்கம், பி.ஏ. எம் புள்ளதான். நெல்லிக்குப்பத்துல கரும்பு எடை போடற எடத்துல டெம்ப்ரவரியா இருக்கான். கரும்பு சீசன்ல எங்க நவுர முடியும்? அதனால வெறுந்தாள்ல கையெழுத்தப் போட்டு, மேல என்னா அடிக்கணும்னு தனியா எழுதிக் குடுத்துடுவான். அடிச்சி வாங்கி தபால்ல போடறது என் வேல. இதுக்கு முன்னால நாலு கம்பெனிக்குப் போட்டாச்சு. சோப்பு, பவுடரு, பேட்டரி லைட்டு, அப்புறம் ஒரு தைலம். எல்லாம் சேல்ஸ் ரெப்ரசென்டேடிவ் வேல. பையத் தூக்கிக்கினு ஊர் ஊராப் போயி கடக்காரங்ககிட்ட பேசி ஆர்டர் புடிக்கணும். ஒரு கம்பெனிக்காரன் கூட இன்டர்வியூவுக்குக் கூப்புடல பாய். மூஞ்சியப் பாத்துட்டாவது வேணாம்னு சொல்லலாமில்ல?

தபால்காரரு மேல கூட எனக்கு ஒரு சந்தேகம் இருந்துது. அவரப் புடிச்சி நிறுத்திக் கேட்டேன். வர்ற லெட்டரத்தான் குடுக்க முடியும், வராத லெட்டரயும் நானே எழுதிக் குடுக்கட்டுமான்னாரு. அதிலேந்து எங்க தெருவுல பெல்லே அடிக்கறதில்ல.

இது பிஸ்கோத்துக் கம்பெனி. இதுவும் போச்சுன்னா எம் புள்ளைக்குப் பேசியிருக்கற லோகநாயகிய வேற எடத்துல குடுத்துடுவாங்க. பொண்ணு இந்த ஊருதான், கீழ வீதி. தை பொறக்கற வரைக்கும் பாக்கறேன், டெம்ப்ரவரிக்குப் பொண்ணு குடுக்கறதில்லன்னு அவ அப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. அன்னிலேந்து எம் புள்ள தட்டுல சோத்த வெச்சிக்கினு அளைஞ்சிக்கினே இருக்கான். என்னடான்னா ஒண்ணுமில்லம்மாங்கறான்.

தேவனாம்பட்டினம் விஷயம் வந்துதா? நல்லா அடிங்க அத. காலேஜ் லீவுல ஒரு கொட ஏஜென்டுகிட்ட சேந்தான். கடல் தண்ணியிலேயே நனைஞ்சி நனைஞ்சி வர்ற ஜனங்க கிட்ட போயி கொட வித்துட்டு வந்தான். மழைக்குன்னு இல்ல, கரையில மீன் ஏலம் நடக்கறப்ப வெயிலுக்குப் புடிச்சிக்கோங்கன்னு. பொம்பளைங்க எல்லாம் வாங்கிட்டாங்க. அடுத்த வாரம் பக்கத்துக் குப்பத்துலேந்து அவனத் தேடிக்கினு வந்தாங்க. அவ்வளவு ஏன், எனக்கே ஒரு பம்ப் ஸ்டவ்வு வித்துட்டான். வெறகடுப்பு நல்லாத்தான் எரிஞ்சிக்கினு இருந்துது.

முடிஞ்சிதா? தமிழ்ல கொஞ்சம் சொல்லுங்க கேப்போம்.

ம்... ம்... ஊர் சுத்த சம்மதம்... ஆமா... எந்தக் கடக்காரரா இருந்தாலும் திரும்பி வரச் சொல்லுவாரு... ம்... அவ்ளோதானா? எல்லாமே நல்லதா இல்ல இருக்குது.

இல்ல பாய், இத இப்படியே அனுப்ப முடியாது. கையெழுத்துக்கு மேல கொஞ்சம் எடம் இருக்குது பாருங்க, அதுல ஒரு வரி சேத்துடுங்க. பையனுக்குக் கூச்சம் ஜாஸ்தி, புது ஆளப் பாத்தா வாயத் தொறக்க மாட்டான்னு. நெஜம் இல்லதான். திருஷ்டிக்கு. ஒருத்தனப் பத்தி இம்மாம் நல்லத ஒரே தாள்ல எழுதி, தெரியாத ஊருக்கு அனுப்பினா கண்ணு படாதா?

எப்பவும் போடறதுதான். சோப்புக்கு இதேதான் போட்டேன். பவுடருக்கு, ரயிலேறினா தல சுத்தும்னு. பேட்டரி லைட்டுக்கு, கணக்குல கொஞ்சம் மந்தம்னு. தைலத்துக்கு என்னா போட்டேன்... ஆங், காலையில எழுந்திரிக்க நேரமாவும்னு. வைத்திக்குத் தெரியாது, தெரிஞ்சா கத்துவான். சுப்புராயன் பாவம், சொன்னத சொன்னபடி அடிச்சிக் குடுத்தான்.

ஏன் பாய் கைய நிறுத்திட்டீங்க?

...அதனாலதான் கூப்புடலன்றீங்களா? ஒரு வரி பாய். அந்த எழுத்து குதிச்சதாலன்னு இல்ல நான் நெனச்சேன்.

...

எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல கிளார்க்கு. ஒரு பொங்கலுக்கு மேடையேத்தி மால போட்டு, இந்த மனுஷங்கிட்ட ஒரு கொற சொல்ல முடியாதுன்னு மைக்குல பேசினாங்க. ஜனம் பூரா கை தட்டிச்சு. நானும் தட்டினேன். அந்த வாரம் படுத்தவருதான், எழுந்திரிக்கவே இல்ல. வைத்தி அப்ப என் இடுப்புல இருந்தான். மைக்குல பேசினதுக்கே அப்படின்னா, இது டைப் அடிச்சது. எனக்கு பயமா இருக்குது பாய். இவன் ஒருத்தன்தான் எனக்கு. வேலயும் கெடைக்கணும், அவன் நல்லாவும் இருக்கணும். நான் என்னா பண்றது, சொல்லுங்க.

எழுந்துட்டீங்களா? டீயா? இல்லியா... மெஷின் நாடாவ ஏன் நோண்டறீங்க? வெரலு பூரா மை. ஐயோ, தாள்ல வெச்சிடாதீங்க, இருக்கறது ஒரு கையெழுத்துதான்... மூலையில போயி...

ஓ.

கொழந்த கன்னத்துல பொட்டு வெக்கறாப்புல.

அந்த வரி வேணாம்... இதே போதும்ங்கறீங்க.

...

சரி பாய். அப்படின்னா இன்னொரு வாட்டி நாடாவத் தொட்டுக் கொஞ்சம் பெருசாவே வெச்சிடுங்க. கொட வித்தத வேற எழுதியிருக்குது.