அறுபத்து நான்கு பேர் நலம்

"இப்படி ஒரு கையெழுத்தை வெச்சுக்கிட்டு ஏம்மா படிப்பை விட்டே?" என்று நிவாரண அலுவலர் என்னிடம் ஒரு முறை கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை, மறுநாளிலிருந்து போகவில்லை. இதை ஓர் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நேற்று உங்கள் விசாரணை அறையில் நிவாரணக் கடிதங்களைப் பற்றிக் கேட்டபோதும் எனக்குப் பேச்சு வரவில்லை. "பேச வரலைன்னா எழுதிக் கொடும்மா" என்று இந்த நோட்டைக் கொடுத்தீர்கள். நோட்டு எனக்குப் பழக்கம்தான். கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் இந்த விஷயம் இல்லை, தேட வேண்டாம். இதை முதல் முறையாக இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் கூரைக்குப் போடும் சிமெண்ட் ஷீட் செய்தார்கள். சிமெண்டோடு கல்நார் கலப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சாக்கைப் பிரித்துக் கொட்டும்போதும் ஷீட்டை ரம்பத்தால் அறுக்கும்போதும் தூசி பறக்கும். பார்க்க மாவு மாதிரி இருக்கும். நுரையீரலுக்குள் போனால் நார் நாராகக் குத்தி உட்கார்ந்துகொண்டு, இருபது முப்பது வருடம் கழித்துத் தலை காட்டும். ஷீட் நூறு ஆண்டு உழைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் பொய் இல்லை. ஷீட் செய்தவர்களைப் பற்றி விளம்பரம் எதுவும் சொல்லவில்லை.

நோய் வந்தவர்கள் நிவாரணம் கேட்டுப் போட்ட வழக்கு முடிந்து, தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு நிவாரண அலுவலகம் திறந்தார்கள். பாதிக்கப்பட்டவர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்; டாக்டர் சான்றிதழும் எக்ஸ்ரேயும் இணைக்க வேண்டும். எழுத வராதவர்களுக்காக நிறுவனமே இலவசமாக ஓர் ஆளை வைத்தது. அந்த ஆள் நான். நோயாளியின் கடிதத்தை எதிர்த்தரப்பே அழகாக எழுதிக் கொடுக்கிற கருணை வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

அலுவலகம் ஒரு பழைய சாமான் அறை. கூரையும் அதே ஷீட்தான். மின்விசிறி மாட்ட என் மேஜைக்கு மேலே துளை போட்டார்கள். தூசி அடங்கட்டும் என்று அலுவலர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து, மேஜையைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்ததற்காக என்னைப் பாராட்டினார்.

முதலில் வந்தவர் இருபத்தாறு வருடம் ஷீட் அறுத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ரம்ப மாமா.

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன். யாரிடமும் கூசாமல் என்னால் கேட்க முடிகிற ஒரே கேள்வி அது.

"நல்லா இருக்கேன் பாப்பா" என்றார். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை இருமினார். நான் "ஐயா, என் நுரையீரல்" என்று ஆரம்பித்ததைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "எடுத்த எடுப்புலேயே நுரையீரலா? மொட்டையா இருக்கு. மரியாதையா ஆரம்பி."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது எனக்கும் நினைவு வந்தது. வேறு தாள் எடுத்து எழுதினேன்: "ஐயா, வணக்கம். நான் இங்கு நலம். தங்கள் நலமறிய ஆவல்." அதற்குக் கீழேதான் நுரையீரல், மூச்சுத்திணறல், தூங்க முடியாமை எல்லாம். ரம்ப மாமா படித்துப் பார்த்தார். அந்த வரியில் அவர் கண் நிற்கவே இல்லை. வீட்டுக்குள் போகிறவன் வாசல்படியை உற்றுப் பார்ப்பதில்லை.

ஏழு பேருக்கு அப்படி எழுதினேன். ஏழும் தவறுதான், தெரியாமல் செய்தது. அதை நீங்கள் தாராளமாக மன்னிக்கலாம்.

பிறகு அலுவலர் பதில் கடிதங்களைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலம் என்பதை அறிந்து மகிழ்ச்சி. நிவாரணம் வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்." ஏன் இயலாது என்று கடிதத்தில் கிடையாது. அது பதிவேட்டில் இருந்தது. அதை நகல் எடுக்கிறவளும் நான்தான். ஏழு பெயருக்கு எதிரேயும் ஒரே வாசகம்: "விண்ணப்பதாரர் நலமாக இருப்பதாக அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்."

இரண்டு முறை படித்தேன். புரிந்தது. அலுவலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதே மாதிரி எழுதும்மா. ஓர் எழுத்து மாத்தாதே" என்றார். அடுத்த வாரம் முக்காலிக்குப் பதிலாகச் சாய்மானம் வைத்த நாற்காலி வந்தது.

எப்போதிலிருந்து தெரியும் என்றுதானே கேட்டீர்கள். எட்டாவது கடிதத்திலிருந்து.

நாற்காலிக்காகச் செய்தேன் என்று எண்ண வேண்டாம். முறை என்று ஒன்று இருக்கிறது. எட்டாவது ஆளுக்கு மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டால் முதல் ஏழு பேருக்கு அநியாயம் அல்லவா? மேலும் நான் யாருடைய வாயிலும் வார்த்தையைத் திணிக்கவில்லை. ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் நல்லா இருக்கேன் என்றார்கள். எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார்கள்.

சாக்கு உதறும் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் மட்டும் பதிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "மகிழ்ச்சின்னு ஆரம்பிச்சு வருத்தம்னு முடியுது. நடுவுல என்னதான் ஆச்சு பாப்பா?"

"தெரியலைண்ணே" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"சரி, இன்னொரு தடவை எழுது. இந்தத் தடவை அவங்க மனசு உருகணும். என் பொண்டாட்டி படிச்சா என்னைத் திட்டறதையே நிறுத்திடணும், அப்படி எழுது."

எழுதினேன். அடுப்பு மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து போகிறார் என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. முதல் வரியில் நலம் என்றேன். பதிலை வாங்க அவர் வரவில்லை. திட்டுவதை நிறுத்தியிருந்த அவர் மனைவி வந்தார்.

கடைசியில் அத்தை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர், அப்பாவின் அக்கா. தொழிற்சாலைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அங்கே வேலை பார்த்த தன் கணவரின், அதாவது என் மாமாவின், சட்டைகளைத் தினமும் உதறித் துவைத்தார், அவ்வளவுதான். அதுவே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்த ஆக்சிஜன் மெஷினை மாதக் கடைசியில் திருப்பிக் கேட்டிருந்தார்கள். நிவாரணம் வந்தால் சொந்தமாக ஒன்று வாங்கலாம். வராவிட்டால் என்ன என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

"ஊருக்கெல்லாம் எழுதறே, எனக்கும் எழுதிடு" என்றார். "கெஞ்சாதே. உங்க மாமாவுக்குப் பிடிக்காது."

"சரி அத்தை."

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்த வரி இல்லை. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறுபத்து நான்காவது கடிதத்தில் மட்டும் அந்த வரி இல்லாவிட்டால், மற்ற அறுபத்து மூன்றில் அது ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள். என்னால் நாலு பேர் முன்னால் பேச முடியாது. அதைக் கிழித்துவிட்டு, நலம் என்று இருந்ததில் எது அழகோ அதைக் கொடுத்தேன்.

அலுவலகத்துப் பெண்ணின் உறவு என்பதால் அலுவலர் அத்தைக்குத் தபாலில் அனுப்பாமல் நேரில் கூப்பிட்டுப் பதில் சொன்னார். அவருக்கு அந்த மரியாதை தெரியும். மரியாதை கொஞ்சம் அதிகமாகிப் பதிவேட்டையே திருப்பிக் காட்டினார்.

"நலமா இருக்கறதா நீங்களே எழுதியிருக்கீங்கம்மா. சந்தோஷம்."

"அது எல்லாரும் எழுதறதுதானே சார்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாருமே எழுதியிருக்காங்க." பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதோ பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு."

அத்தை ஐந்தாவதுவரைதான் படித்தவர். மெதுவாக விரலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது உனக்குத் தெரியுமா?"

"கடிதம்னா அப்படித்தான் அத்தை ஆரம்பிக்கணும்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரே உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். அத்தைக்கு என் மேல் கோபம் என்று பக்கத்து வீட்டில் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் இருந்திருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லாமல்தான் போனார்.