எதிர்ப்பக்கத்துக் கரன்ட்

அதான் சொல்றேன், எதுத்த சார்ஜிங் ஸ்டேஷன விலை பேச வந்தீங்க, நல்லது, யாரும் தடுக்கல. ஆனா ஷட்டர் மூடியிருக்குன்னு வண்டிய என் கொட்டகைல சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார்னா, கூரை தலைமேல விழுந்தாலும் அந்த ஆள் எந்திரிக்க மாட்டார். இடது பக்கம் ஒருக்களிச்சு, வாயத் திறந்துக்கிட்டு.

எனக்கு எப்படித் தெரியுமா? குறட்டை ரோட்டத் தாண்டி வருது சார். வாய் திறந்த குறட்டைக்குத் தனிச் சத்தம்.

நாற்காலிய இப்படித் தள்ளிப் போட்டுக்கோங்க. மேல பாத்தீங்களா, சோலார் தகடு? பூரா என்னோடது. வெயில் விழுது, வண்டி ஏறுது, முடிஞ்சுபோச்சு. நடுவுல யார் கால்லயும் விழ வேண்டியதில்ல. அங்க அப்படியா? எங்கயோ ஒருத்தன் கரன்ட்டக் காய்ச்சி, கம்பி கம்பியா அனுப்பி, வழியில நாலு ஊர் குடிச்ச மிச்சம் இங்க வந்து சேரும். சாயங்காலம் தெருவுல எல்லாரும் ஏசி போட்டா அவர் மெஷின் முனக ஆரம்பிச்சுடும். லைன் போச்சுன்னா கரன்ட் ஆபீசுக்குப் போன் போடுவார். அவங்க எடுக்க மாட்டாங்க. அங்க மணி அடிக்கற சத்தத்துக்கே இவர் இங்க எந்திரிச்சு நின்னு மரியாதை குடுப்பார். அந்த டிரான்ஸ்பார்மர் இருக்கே, உள்ள தேனீ வளக்கற மாதிரி ஒரே இரைச்சல்.

சேச்சே, குறை சொல்லல. வாங்கறவங்களுக்குத் தெரியணுமில்ல.

என் பக்கத்துல குறை இல்லையான்னா, ஏன் இல்ல. பேட்டரி சின்னது. மேகம் வந்துட்டா சூரியன், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கூப்பிட்டாலும் வெளிய வரமாட்டார். இப்பகூட இருட்டிக்கிட்டு வருது. உங்க வண்டி நாப்பது பர்சென்ட்லயே நிக்குதா? நிக்கும். பொறுங்க.

ஆமா, எதுக்கு விக்கறாராம், சொன்னாரா?

மக வீட்டோட போய் இருக்கப் போறாராமா. அப்படியா சொன்னார்.

ம்.

அந்த மக வீட்டு மாடில என்ன இருக்குன்னு தெரியுமா சார்? துணி காயப்போட இடமில்லாமத் தகடு. நான்தான் கூடவே நின்னு போட்டுக் குடுத்தேன். பின்ன, எனக்கும் அவதானே மக. இனிமே இந்த மனுஷன் வெயில் கரன்ட்ல ஓடற ஃபேன மொறைச்சுப் பாத்துக்கிட்டே படுத்திருக்கட்டும். நல்லா வேணும்.

உக்காருங்க, ஏன் எந்திரிக்கறீங்க? புருஷன்தான். அதுக்கென்ன இப்ப. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கடையாத்தான் வெச்சிருந்தோம். தகடு வேணும்னு நான், லைன்தான் வேணும்னு அவர். உன் பேச்சக் கேக்கறதுக்குக் கரன்ட் ஆபீஸ் பேச்சக் கேக்கலாம்னார். சரி, போய் அந்த ஆபீசோடயே குடித்தனம் பண்ணுங்கன்னேன். பண்றார். பிரிஞ்சப்ப மேசை, நாற்காலி, மிக்ஸி மூடி வரைக்கும் பிரிச்சாச்சு. ரெண்டு பக்கத்தையும் சேத்து ரோட்டுக்கு அடியில போற ஒயரப் பிடுங்க மட்டும் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரல. வரலைன்னே வெச்சுக்கோங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஓ, ஏறுதா. நாப்பத்தாறா. வானம் இப்படி இருண்டு கிடக்கறப்ப எப்படி ஏறுதுன்னு கேக்கறீங்க.

அங்க பாருங்க, ஷட்டர் திறக்கல. உள்ளருந்தே சுவிட்சப் போட்டுட்டுத் திரும்பப் படுத்திருப்பார். நான் கேட்டதில்ல, அவர் சொன்னதில்ல, எங்களுக்குள்ள பேச்சே கிடையாதே. மேகம் மூடினா அங்கருந்து வரும். அங்க லைன் போனா இங்கருந்து போகும்.

தாராளமா வாங்கிக்கோங்க சார், இடம் நல்ல இடந்தான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மத்தியானம் சாப்பிட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா? மேகம் மூடினா எந்திரிப்பீங்களா?